பிள்ளையின் நடைக்கு ஏற்ற வேகம்



ஜூன் மாதம் நெருங்குகிறது. நம் சபையின் குழந்தைகள் சிலர் எல்.கே.ஜி. வகுப்பில் சேரவிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், அவர்களுள் ஒரு குழந்தையை என்முன் நிறுத்தி, "போதகர் ஐயாவுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் காட்டு" என்றார்கள். பாதியில் எழுத்து மறந்துபோயிற்று. தாயின் முகம் வாடியதைக் கண்டு குழந்தை அழுதது. நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிச் சேர்க்கையின்போது பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறையே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பள்ளிக்கூடத்திற்குத் தடுக்கப்பட்ட அதே தேர்வை நாம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் நடத்துகிறோம்! மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளுள் பெரும்பாலானவை 3 வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைப்பதா ஆயத்தம்?

"மற்றப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிடுமே" என்பீர்கள். ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். 400 பேரோடு வந்த ஏசா, சேர்ந்து பயணப்படலாம் என்று அழைக்கிறான். யாக்கோபோ, தன் பிள்ளைகள் இளையவர்கள், அவர்களால் இயன்ற அளவே நடப்பேன் என்று பின்தங்கி வருகிறான். பின்தங்குவதை அவன் அவமானமாக எண்ணவில்லை.

மெய்யான ஆயத்தம் வேறு. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்று ஆசிரியையிடம் கூச்சமின்றிச் சொல்லப் பழக்குங்கள். டிபன் பாக்ஸைத் தானே திறந்து, சிந்தினாலும் தானே உண்ணட்டும். விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும். "சேட்டை செய்தால் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன்" என்னும் மிரட்டலை இன்றே விட்டுவிடுங்கள். நாளை அந்த மிஸ்ஸின் கையைப் பிடித்துத்தான் பிள்ளை உள்ளே போகவேண்டும்.

முதல் நாளில், அழுகிறதே என்று குழந்தை பாராத நேரத்தில் நழுவி வராதீர்கள். "மணி அடித்ததும் வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னபடியே வாசலில் நில்லுங்கள். தாய் தகப்பனின் வாக்கு நிலைக்கக் கண்ட பிள்ளைக்கு, வாக்கு மாறாத தேவனை அறிவிப்பது எளிது.

இனி நான் எந்தக் குழந்தையையும் ஒப்புவிக்கக் கேளேன். என்ன விளையாடினாய் என்று மட்டுமே கேட்பேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

கர்த்தர் நம் சிறுபிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.