அரம் கடைசியில் வரட்டும்

பட்டறைக்கு வரும் பழைய 1911 பிஸ்டல்களில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. ஸ்லைடு முன்னே போகிறது. முழுதாக மூட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போது நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து பெருவிரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது. இதைக் கேட்டதுமே நம்மில் பலருக்குக் கை தானாக அரத்தையும் பாலிஷ் சக்கரத்தையும் தேடிப் போகிறது. ஃபீட் ராம்பை மினுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அந்த நம்பிக்கையால் நல்ல பிஸ்டல்கள் பாழாகின்றன. இந்தக் கோளாறின் காரணங்களில் பெரும்பாலானவை உலோகத்தைத் தேய்க்காமலே தீரக்கூடியவை. தேய்த்த உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

கோளாறு ஏன் எப்போதும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்களில் வருகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஜான் பிரௌனிங்கின் இந்த வடிவமைப்பில், ஸ்லைடு மூடும் தறுவாயில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. தோட்டாவின் விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கீழிருந்து மேலே வழுக்கி ஏற வேண்டும். பேரல் எழும்பி, அதன் மேல்முகட்டுப் பற்கள் ஸ்லைடின் பள்ளங்களில் பொருந்த வேண்டும். டிஸ்கனெக்டரின் மேல்நோக்கிய அழுத்தத்தை ஸ்லைடு கடந்து போக வேண்டும். இத்தனைக்கும் சக்தி தருவது ஒரே ரீகாயில் ஸ்பிரிங். ஐந்து அங்குலப் பேரல் உள்ள பிஸ்டலுக்கு அதன் வழக்கமான அளவு 16 பவுண்டு. அந்த 16 பவுண்டு, ஸ்லைடு முழுதாகப் பின்னே போன நிலைக்குரிய கணக்கு. மூடும் நேரத்தில் ஸ்பிரிங் விரிந்து தளர்ந்திருக்கும்; விசையும் வெகுவாகக் குறைந்திருக்கும். வேலை அதிகமாகவும் விசை குறைவாகவும் இருக்கும் இடம் அது. சிறிய உரசல்கூட அங்கே ஸ்லைடை நிறுத்திவிடும்.

பழைய பிஸ்டல் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்த பிஸ்டல், 1985-இல் எம்9 பிஸ்டல் தேர்வாகும் வரை அங்கே முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் மட்டுமல்லாமல் ரெமிங்டன் ராண்ட், இதாகா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், சிங்கர் ஆகிய நிறுவனங்களும் இதைச் செய்தன. பிறகு ராணுவக் கிடங்குகளில் பழுதுபார்த்தபோது ஒன்றின் ஸ்லைடும் இன்னொன்றின் பேரலும் கலந்தன. அதற்குப் பின் வந்த உரிமையாளர்களும் தங்கள் பங்குக்கு எதையெதையோ மாற்றியிருப்பார்கள். நம் மேசையில் இருப்பது பல கைகள் மாறிய கூட்டுப் பொருள் என்ற எண்ணத்தோடுதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். சேம்பரும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, பேரல் பிஸ்டலில் இருக்கும்போது எல்லாச் சோதனையும் டம்மி தோட்டாவில்தான் நடக்க வேண்டும். ஸ்லைடு மூடாவிட்டால் டிஸ்கனெக்டர் டிரிகரின் இணைப்பைத் துண்டித்துவிடும் என்பது உண்மை. ஆனால் பழுதுக்கு வந்த பிஸ்டலில் அந்த டிஸ்கனெக்டரே தேய்ந்திருக்கலாம். பாதி மூடிய ஸ்லைடை உயிருள்ள தோட்டாவோடு உள்ளங்கையால் தட்டி மூடும் பழக்கம் பட்டறையில் இருக்கவே கூடாது.

முதல் வேலை சுத்தம். சேம்பரில் படிந்த ஈயமும் கரியும், எக்ஸ்ட்ராக்டர் துளையில் இறுகிப்போன பழைய கிரீஸும் மட்டுமே காரணமாக இருப்பதுண்டு. அடுத்தது தோட்டா. பேரலைத் தனியே கழற்றி, உரிமையாளர் பயன்படுத்தும் அதே தோட்டாவை அதன் சேம்பரில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே விழுந்து, அடிப்பாகம் பேரலின் பின்முனையோடு சமமாக நிற்க வேண்டும். .45 ஏசிபி தோட்டா தன் கூட்டின் வாய்விளிம்பில்தான் சேம்பரில் நிற்கிறது. கூட்டின் உச்ச நீளம் 22.81 மி.மீ. மறுபடி நிரப்பிய தோட்டாவில் கூடு நீண்டிருந்தாலோ, வாய் சரியாக இறுக்கப்படாமல் விரிந்திருந்தாலோ, பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலோ ஸ்லைடு மூடாது. தொழிற்சாலைத் தோட்டா விழுந்து, மறுபடி நிரப்பியது விழவில்லை என்றால், முதலில் திருத்த வேண்டியது தோட்டாவைத்தான்.

பிறகு நன்றாக இயங்கும் வேறொரு மேகசின். பிறகு புதிய 16 பவுண்டு ஸ்பிரிங். இங்கே இன்னும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டு ஆளை அனுப்பிவிடும் பழக்கத்தைக் கண்டிக்கிறேன். உரசலை அது மறைக்கிறது, தீர்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்லைடு கூடுதல் வேகத்தோடு மூடி, பேரலின் கீழ்ப்பற்களையும் ஸ்லைடு ஸ்டாப் முள்ளையும் அடிக்கிறது.

அடுத்து எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிவிட்டு, டம்மிகளை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இப்போது தடையின்றி மூடினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கொக்கியின் இழுவிசை அதிகமா, அதன் கீழ்விளிம்பு கூராக நின்று தோட்டாவின் விளிம்பைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிமையாளரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: தோட்டாவை நேரே சேம்பரில் போட்டு ஸ்லைடை விடுகிறாரா? இந்த எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைத் தாண்டிக் குதிக்கச் செய்யப்பட்டதல்ல. அப்படிச் செய்தால் கொக்கி கெடும், இழுவிசையும் மாறும். அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் நாம் செய்யும் பழுது நிலைக்காது.

கடைசிச் சோதனை ரீகாயில் ஸ்பிரிங் இல்லாமல். சுத்தியலைப் பின்னே நிறுத்தி, பேரலோடு சேர்த்து ஸ்லைடைக் கையால் நகர்த்துங்கள். பிறகு பேரல் இல்லாமல் நகர்த்துங்கள். பேரலோடு மட்டும் இறுகினால் லிங்க்கையும் கீழ்ப்பற்களையும் பாருங்கள். குறி துல்லியமாகும் என்று யாராவது நீளமான லிங்க் போட்டிருக்கலாம். பேரல் இல்லாமலும் இறுகினால் டிஸ்கனெக்டரின் தலை, சியர் ஸ்பிரிங்கின் நடு இலை, ஸ்லைடின் பள்ளங்கள் ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

இவ்வளவும் முடிந்த பிறகே அரம். அப்போதும் பிசிறு நீக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எக்ஸ்ட்ராக்டர், லிங்க், பேரல் எல்லாம் மாற்றக்கூடியவை. ஃபிரேமின் ராம்ப்பை மாற்ற முடியாது. அதற்கும் பேரலின் ராம்ப்புக்கும் இடையே இருக்க வேண்டிய சுமார் 0.8 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. இரண்டையும் ஒரே சரிவாக மினுக்கிச் சேர்ப்பவர் அதை அழிக்கிறார். சேம்பர் வாயின் அடியில் அதிகம் தேய்த்தால் தோட்டாக் கூட்டுக்குத் தாங்கல் போய், கூடு வெடிக்கும் ஆபத்து வருகிறது.

வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஓர் அட்டை வையுங்கள்: எந்தச் சோதனை, என்ன முடிவு, எது மாற்றப்பட்டது. கழற்றிய பழைய உதிரிகளை ஓர் உறையில் போட்டு, அட்டையோடு உரிமையாளரிடமே கொடுங்கள். அடுத்த பட்டறைக்காரர் அவற்றைப் பார்த்து நாம் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார். இன்னொருவர் நம் மேசைக்கு அனுப்பும் பிஸ்டலோடும் அப்படி ஓர் அட்டை வரும் நாள், நம் தொழில் ஒரு படி உயர்ந்ததாகக் கொள்ளலாம்.