பட்டப்பெயர்

ஆங்கிலத்தில் 'டம்மி' என்றால் ஊமை என்று பொருள். மூடன் என்றும் பொருள் உண்டு. அமெரிக்காவில் 1888 முதல் 1902 வரை பெரிய அணிகளில் பேஸ்பால் ஆடிய வில்லியம் ஹாய் என்பவருக்கு இப்பெயரையே சூட்டினார்கள். இன்றும் விளையாட்டுப் பதிவேடுகளில் அவர் 'டம்மி ஹாய்' என்றே இருக்கிறார். இது மாறவேண்டும் என்பது என் கருத்து.

ஹாய் 1862இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தார். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலால் செவிப்புலனை இழந்தார். கொலம்பஸ் நகரில் காது கேளாதோர் பள்ளியில் பயின்று, வகுப்பில் முதல்வராகத் தேறினார். பின்பு செருப்புத் தைத்துப் பிழைத்தார். 1886இல் பந்தாட்டமே அவருக்குத் தொழிலாயிற்று.

ஆனால் ஆடுகளத்தில் ஒரு சங்கடம். வீசப்பட்ட பந்து சரியா தவறா என்பதை அக்காலத்தில் நடுவர் உரக்கக் கூவுவார். ஹாய்க்கு அது கேளாது. நடுவரைத் திரும்பிப் பார்த்து அறிந்துகொள்வதற்குள், அடுத்த பந்தை எறிந்துவிடுவார்கள்! எதிரணியினர் இதைத் தந்திரமாகவே செய்தனர். ஹாய் ஒரு வழி கண்டார். எதிரே நின்ற தம் அணிப் பயிற்சியாளரிடம், சரியான பந்துக்கு வலக்கையையும் தவறானதற்கு இடக்கையையும் உயர்த்தச் சொன்னார். அதன்பின் அவருடைய ஆட்டம் வெகுவாக உயர்ந்தது. நடுவர்கள் கைச்சைகை காட்டும் வழக்கமே இவரால் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பெருமை இல்லாமலேயே அவர் பெரியவர்தாம்.

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவரைப் போல, மைதானத்தின் பின்பகுதியில் நடுவே நிற்பது இவர் வேலை. 1889 ஜூன் 19 அன்று அங்கிருந்து எறிந்தே, ஓட்டம் எடுக்க வந்த மூவரை ஒரே ஆட்டத்தில் வீழ்த்தினார். உயரே வரும் பந்தைத் தாம் பிடிப்பதானால் கீச்சென்று ஒரு சிறு ஒலி எழுப்புவார்; உடனே மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். ஆகவே, 'ஊமை' என்ற பெயர் உண்மையுமல்ல.

"அவரே அப்பெயரை ஏற்றுக்கொண்டாரே, வில்லியம் என்றழைத்தவர்களைத் திருத்தினாரே" என்று சிலர் கேட்கக்கூடும். மெய்தான். ஆனால் அவர் பொறுத்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. அதை நாம் உரிமையாக எடுத்துக்கொள்ளலாமா? நம் வகுப்பறைகளிலும் குட்டை என்றும் கறுப்பி என்றும் அழைக்கப்படும் பெண் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள். வேறென்ன செய்வாள் பாவம்? செவிடரைச் சபிக்கலாகாது என்ற கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. கேளாதவரைப் பற்றித்தானே துணிந்து பேசுகிறோம் என்பதாலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

1961 அக்டோபரில், சின்சினாட்டி நகரில் நடந்த உலகத் தொடர் ஆட்டமொன்றில் முதல் பந்தை எறிய அவரை அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 99. அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்க்கவேண்டுமென்று காது கேளாதோர் நெடுநாளாகக் கேட்டுவருகின்றனர். 2,000க்கு மேற்பட்ட முறை பந்தை வெற்றிகரமாக அடித்தவருக்கு இது மிகையான கோரிக்கை அன்று. ஆனால் அங்கே பலகை வைக்கும்போது, 'வில்லியம் எல்ஸ்வொர்த் ஹாய்' என்று முழுப்பெயரையும் பொறிக்கட்டும்.