அந்தக் கணக்கு ஒருவருக்கா, இருவருக்கா?



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உணவகத்திற்குச் செல்வது சித்தூரிலும் திருப்பதியிலும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோயுள்ள நம் சகோதரர் ஒருவர், பெரிய உணவகமொன்றின் பட்டியலில் அச்சிட்டிருந்த கலோரி எண்ணை நம்பிப் பிரியாணி வாங்கினார். வந்த தட்டோ இருவருக்குப் போதுமானது. "பாஸ்டர் ஐயா, அந்தக் கணக்கு ஒருவருக்கா, இருவருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ளவையும், ஒரு பரிமாறலுக்குரிய கலோரியையும் அப்பரிமாறலின் அளவையும் சேர்த்தே காட்டவேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் விதி. 2022 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாமோ முதல் எண்ணை வாசித்து இரண்டாவதை விட்டுவிடுகிறோம். 250 கிராமுக்கு எழுதிய கணக்கு 500 கிராம் தட்டுக்குப் பொருந்துமா?

எடை சரியாயிருந்தாலும் சமைக்கிறவர் கை தினமும் ஒன்றுபோல் இராது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் ஏறக்குறைய 120 கலோரி கூடும். அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 269 உணவுகளைச் சோதித்தார்கள். மொத்தச் சராசரி சரியாகவே இருந்தது. ஆயினும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், அறிவித்ததைவிட 100 கலோரியாவது அதிகமிருந்தது. நாம் உண்பது சராசரியை அல்லவே, ஒரு தட்டை!

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலானவற்றுக்கு அந்த விதியே இல்லை. பருப்புப் பொடிக்கு நெய், சாம்பாருக்கு மறுசோறு, பிறகு அன்போடு விழும் இன்னொரு கரண்டி. (அதை மறுப்பது எனக்கும் கடினமே.) அச்சகோதரர் இப்பொழுது உண்ணத் தொடங்குமுன்னரே பாதியைப் பார்சல் கட்டச் சொல்லிவிடுகிறார்.