தாய்ப்பால் பம்ப்: திருப்பித் தரலாமா, மறுவிற்பனை செய்யலாமா?

குழந்தை பால்குடி மறந்ததும் தாய்ப்பால் பம்ப் அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை வீணாக்குவானேன் என்று சிலர் இணையத்தில் விற்கிறார்கள். சிலர் தங்கைக்கோ மச்சிக்கோ கொடுக்கிறார்கள். ஓரிரு நாள் பயன்படுத்திவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுக்க முயல்பவர்களும் உண்டு. வீண்விரயம் கூடாது என்று கற்ற நமக்கு இதில் தவறென்ன என்று தோன்றலாம்.

பம்புகள் இரண்டு வகை. ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கானவை முதல் வகை. கடைகளில் விற்பவை பெரும்பாலும் இவையே. இவற்றுள் பலவற்றில் பால் துளிகள் குழாய் வழியே மோட்டார் வரை செல்ல வாய்ப்புண்டு. அந்தப் பகுதியைக் கழற்றிக் கழுவ முடியாது. அதனால்தான் குழாயையும் புனலையும் புதிதாக மாற்றினாலும் இவ்வகைப் பம்பை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. மருத்துவமனைகளில் உள்ள பலர் பயன்படுத்தும் பம்புகள் இரண்டாம் வகை. அவற்றில் மோட்டாருக்குள் பால் புகாதபடி தடுப்பு உண்டு. பாலைத் தொடும் பாகங்கள் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனி.

இது வெறும் அச்சமல்ல. 2022-இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்று மூளைக்காய்ச்சலால் இறந்தது. காரணமான குரோனோபாக்டர் கிருமி, வீட்டில் பயன்படுத்திய பம்பிலும் இருந்ததாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2023-இல் தெரிவித்தது. சொந்த வீட்டுப் பம்பைச் சுத்தமாக வைப்பதே இவ்வளவு கடினமென்றால், முன்பின் தெரியாதவரின் பம்பை எப்படி நம்புவது?

ஆனாலும் பழைய பம்பை வாங்கும் தாயைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின்படி பெரும்பாலான காப்பீடுகள் பம்புக்கான செலவை ஏற்கின்றன. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பைத் தந்தது. அதுவும் முறைசாரா வேலைகளில் இருக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. சீக்கிரம் வேலைக்குத் திரும்பும் அவர்கள் மலிவானதைத் தேடுவது இயல்பு.

இங்கே மார்க்கம் நமக்கு என்ன சொல்கிறது? இரண்டு ஆண்டு பாலூட்டலைப் பேசும் திருக்குர்ஆன் 2:233 வசனம், அந்தத் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பம்பின் செலவும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததே என்பது நம் கருத்து.

வாங்கியவர் மனம் மாறினால் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துள்ளார்கள். எனவே பிரிக்காத பெட்டியை வியாபாரி பெருந்தன்மையோடு ஏற்கலாம். அதேசமயம் தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து விற்றவரை நபியவர்கள் கண்டித்ததும் நாம் அறிந்ததே. பயன்படுத்தியதைப் பயன்படுத்தவில்லை என்று திருப்பித் தருவதும், அதற்குப் புது உறை போட்டு விற்பதும் அந்த ஈரத்தை மறைக்கும் செயல்தான். "பழையது" என்று சொல்லி விற்றால் பொய் நீங்கும். ஆனால் குழந்தைக்கான ஆபத்து நீங்காது.

பள்ளிவாசல் ஜமாஅத்துகள் மருத்துவரின் ஆலோசனையோடு பலர் பயன்படுத்தும் பம்ப் ஒன்றை பைத்துல்மால் மூலம் வாங்கி வைக்கலாம். தேவைப்படும் தாய்க்கு அதை இரவலாகக் கொடுத்து, பாலைத் தொடும் பாகங்களை மட்டும் புதிதாக வாங்கித் தரலாம். ஏழைத் தாயின் சுமையும் குறையும், பச்சிளம் குழந்தைக்கும் பாதுகாப்பு. அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக!