நாணயத்திலும் நாணயம் வேண்டும்

பழங்காசு சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. சென்னையிலோ மும்பையிலோ உள்ள காசு வணிகரைத் தெரிந்திருக்க வேண்டும். ஏலம் நடக்கும் கூடத்திற்கு நேரில் போக வேண்டும். கரூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? இன்று இணையவழி ஏலம் அந்தக் கூடத்தையே கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டது. இது நன்மையா தீமையா என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. என்னைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் சோழர் வரலாறு பயின்றுகொண்டிருந்தபோது முதலாம் இராசராசனின் செப்புக்காசு ஒன்றை 340 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். ஈழத்திலும் இவ்வகைக் காசுகள் கிடைத்திருக்கின்றன என்று பாடநூலில் படித்தபோது தேர்வுக்கு வரக்கூடிய ஒரு வரியாகத்தான் தோன்றிற்று. காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதே வரியைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைக் கொடுத்து யாரோ எண்ணெயோ உப்போ வாங்கியிருப்பார்! அந்த 340 ரூபாய் வீண் என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஏலத்துக்கு வந்தது. 1940-இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி என்னும் பழைய தரத்தில் வந்த கடைசி ஆண்டு 1939. அந்த ஆண்டுக் காசு கிடைப்பது மிக அரிது. அதனால் விலையும் மிக அதிகம். ஆனால் இங்கே தொடக்க விலையோ 1,500. நாலாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று எனக்கு நானே உறுதி சொல்லிக்கொண்டேன். கடைசி இரண்டு நிமிடத்தில் முகந்தெரியாத ஒருவர் இருநூறு இருநூறாக ஏற்றினார். நானும் ஏற்றினேன். அவரை வெல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது நினைவில் இல்லை. 7,200-இல் வென்றேன். கோடை விடுமுறையில் தறிப்பட்டறையில் உழைத்துச் சேர்த்து, தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்த பணம் அது.

காசு வந்தது. கடைவீதிப் பத்தரிடம் கொண்டுபோனேன். தராசில் 11.6 கிராம், இருக்கவேண்டியது 11.66. உரைத்துப் பார்த்தார், நல்ல வெள்ளிதான். நான் மூச்சு விட்டேன். பிறகு அவர் லென்சை எடுத்து ஆண்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஒன்பது பிறக்கும்போது ஒன்பது இல்லை" என்றார். 1938-ஆம் ஆண்டுக் காசு. எட்டின் கீழ்வட்டத்தில் இடப்புறத்தைச் செதுக்கி எடுத்து ஒன்பதாக்கியிருந்தார்கள். எடையும் உண்மை, வெள்ளியும் உண்மை, மன்னர் தலையும் உண்மை. ஓர் எழுத்து மட்டும் பொய். விற்றவருக்கு எழுதினேன். "படத்தைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்" என்று ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அமெரிக்க எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியாளர்கள் மூவர் 1971-இல் ஒன்றை எழுதினார்கள்: பலர் கலந்துகொள்ளும் ஏலத்தில், பொருளின் மதிப்பை எல்லாரையும்விட மிகுதியாகத் தவறாகக் கணித்தவனே பெரும்பாலும் வெல்கிறான்; ஆகவே வெற்றியே நட்டம். எங்கள் விடுதியில் பொருளியல் படிக்கும் நண்பன் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் முன்னதாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே!

ஆதலால் இந்த வழியே வேண்டாம் என்று சொல்வாருமுளர். நான் அக்கட்சியில் இல்லை. எடையும் விட்டமும் விளிம்பின் படமும் தராத விற்பனையாளரை விட்டு விலக வேண்டும். போலி என்று மெய்ப்பித்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதித்தருவோரிடமே வாங்க வேண்டும். ஏல விலைக்கு மேல் தரகும் வரியும் உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரிய காசு மலிவாக வந்தால் அம்மலிவே முதல் எச்சரிக்கை. வைஷ்ணவி தேவி உருவமுள்ள ஐந்து ரூபாய்க்கு இலட்சங்கள் தருவோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்போர் வேறு இனம். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அத்தகையோர் பற்றி மக்களை எச்சரித்தது.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. இராசராசன் காசை எங்கள் பேராசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எந்த ஊரில் கிடைத்தது?" எனக்குத் தெரியவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசும் உரோமர் காசும் கிடைத்த ஊர் நம்முடையது. மண்ணிலிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போலிக்காசால் நட்டம் எனக்கு மட்டுமே. கிடைத்த இடம் மறைந்த நல்ல காசாலோ அந்த ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிகிறது. அதைக் கிழிக்கக் கொடுத்த கூலியில் என் 340 ரூபாயும் சேர்ந்ததோ என்னவோ! ஆகவே கிடைத்த இடமும் கைமாறிய வரலாறும் சொல்லாத பழங்காசை இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பெரும்பாலான ஏலப் பட்டியல்கள் இதனால் எனக்கு மூடிப்போயின. போகட்டும்.

அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். திட்டவில்லை, "இந்தக் கோடைக்கும் பட்டறைக்குப் போவாய்தானே?" என்று மட்டும் கேட்டாள். போனேன். அந்த வெள்ளி ரூபாய் இப்போது எங்கள் துறையின் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. "1938; 1939 எனத் திருத்தப்பட்டது" என்று பேராசிரியர் தம் கையால் அட்டை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் லென்சும் உண்டு. முதலாம் ஆண்டு மாணவர்கள் எந்த மாலையிலும் வந்து பார்க்கலாம்.