பெட்டியில் ஒரு பெயர், உள்ளே ஒரு சில்லு

சகோதரி ஒருவர் எழுதிய மடல் என் முன் இருக்கிறது. கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறார். கணினி நன்றாகவே ஓடுகிறது; வைஃபை மட்டும் கிட்டவில்லை. கடைக்காரர் தந்த யூ.எஸ்.பி. வைஃபை அட்டையைச் செருகியும் பயனில்லை. "இன்னொன்று வாங்கினால் அதுவும் இப்படித்தான் ஆகுமோ?" என்று அஞ்சுகிறார். இருமுறை பணம் இழக்க எந்தக் குடும்பம்தான் விரும்பும்?

சகோதரி, குறை தங்கள் மகனுடையதன்று. அட்டையை இயங்கச் செய்வது பெட்டியின் மேலுள்ள பெயரன்று, உள்ளிருக்கும் சில்லு. அச்சில்லோடு பேசுவதற்கு 'டிரைவர்' என்னும் மென்பொருள் வேண்டும். விண்டோசுக்கு அதைத் தயாரிப்பாளரே எழுதித் தந்துவிடுகிறார். லினக்ஸ், ஓப்பன்பி.எஸ்.டி. போன்ற யூனிக்ஸ் வழித் தளங்களிலோ, நிறுவனம் ஒத்துழைத்தால்தான் வேலை எளிது. பிராட்காம் நிறுவனம் 2010-இல்தான் லினக்சுக்கான திறந்த டிரைவரை வெளியிட்டது. அதுவரை தன்னார்வலர்கள் அதன் சில்லுகளின் நடத்தையைக் கூர்ந்து ஆராய்ந்து, தாமே டிரைவர் எழுத வேண்டியிருந்தது. ஏதெரோஸ் நிறுவனம் 2008-லேயே முன்வந்தமையால், அதன் சில்லுகள் நெடுங்காலம் நற்பெயர் பெற்றிருந்தன.

அந்த நற்பெயரை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. டி.பி.லிங்க் 'டி.எல்-டபிள்யூ.என்.722என்' என்னும் யூ.எஸ்.பி. அட்டையின் முதற் பதிப்பில் ஏதெரோஸின் ஏ.ஆர்.9271 சில்லு இருந்தது. லினக்ஸ் அன்பர்கள் அதைப் பெரிதும் பரிந்துரைத்தார்கள். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு வந்து அமர்ந்தது; விற்பனைப் பெயரோ மாறவேயில்லை! பழைய பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றவர் என்ன செய்வார்?

ஆகவே, கையிலுள்ள அட்டையைத் தூக்கி எறியுமுன், தங்கள் மகன் அதைச் செருகி 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' என்னும் கட்டளையை இட்டுப் பார்க்கட்டும். நான்கு நான்காக எட்டு எழுத்துக்குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் தோன்றும். சில்லு எதுவென்பதை அதைக் கொண்டே அறியலாம். ரியல்டெக் சில்லாக இருந்தாலும் மனம் தளர வேண்டா. முன்பு தனியே பதிவிறக்கித் தொகுக்க வேண்டியிருந்த டிரைவர்கள் பல, 2023 முதல் வந்த லினக்ஸ் பதிப்புகளில் கருவிலேயே சேர்ந்துவிட்டன. புதிய பதிப்பை நிறுவினாலே அட்டை உயிர்பெறக்கூடும்.

தனியே தொகுக்கும் டிரைவரை நான் விரும்புவதில்லை. லினக்சின் கரு புதுப்பிக்கப்படும் போதெல்லாம் அதையும் மீண்டும் தொகுத்தாக வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் இரவில் வைஃபை அறுந்துபோனால் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

புதிதாக வாங்குவதானால், லினக்சுக்கேற்ற யூ.எஸ்.பி. அட்டைகளில் மீடியாடெக் எம்.டி.7612யூ சில்லுள்ளதைத் தேடலாம். 2018 முதல் அதன் டிரைவர் கருவிலேயே இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்து உள்ளட்டையை மாற்ற இயலுமாயின், எம்.2 பொருத்துவாய் உள்ளவற்றுக்கு இன்டெல் ஏ.எக்ஸ்.200 அல்லது 210 ஏற்றவை. 201, 211 என்ற எண்ணுள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பணியில் ஒரு பகுதி இன்டெல் கணினியின் சில்லுத் தொகுதிக்குள்ளேயே நடப்பதால், அதற்கென அமைந்த கணினிகளில் மட்டுமே இயங்கும். சில பழைய மடிக்கணினிகள், தம் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும் என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

இன்டெல் அட்டைகளுக்கு 'ஃபர்ம்வேர்' என்னும் கோப்பும் தேவை. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவல் வட்டிலேயே கிடைக்கிறது. ஓப்பன்பி.எஸ்.டி.யிலோ அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கோ அட்டை வேண்டும்! இந்தச் சிக்கலுக்கு வழி, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, முதல்முறை மட்டும் அதன் இணையத்தைப் பயன்படுத்துவதுதான்.

கடைக்காரரிடம், "இயங்காவிடில் மாற்றித் தருவீர்களா?" என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். அந்த அடையாள எண்ணையும், நிறுவியுள்ள லினக்ஸ் பதிப்பையும் எழுதியனுப்பினால், பழைய அட்டைக்கு வழியுண்டா என்பதை அடுத்த இதழில் கூறுகிறேன்.