பெயருக்குப் பத்து, ஏழைக்கு இரண்டு

உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியாகி, சென்னை ஐ.ஐ.டி. தொடர்ந்து ஏழாவது முறையாக முதலிடம் பெற்ற செய்தியை நாமெல்லோரும் மகிழ்ச்சியோடு வாசித்தோம். ஆனால், அதே பட்டியல்தான் இப்போது எந்த வீட்டுப் பிள்ளைக்கு வங்கி மேலாளர் பிணை கேட்காமல் கடன் கொடுப்பார், எந்த வீட்டுப் பிள்ளையிடம் சொத்துப் பத்திரத்தைக் கொண்டு வா என்பார் என்று தீர்மானிக்கும் சாசனமாகவும் ஆகிவிட்டது என்பதை அன்று எவரும் பிரஸ்தாபித்ததாகத் தெரியவில்லை. பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பர் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை அளித்த அங்கீகாரத்தின் சாரம் அதுவே. தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் இடம் கிடைத்த மாணவருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. தொடக்கத்தில் அந்தப் பாக்கியம் பெற்றவை 860 நிறுவனங்கள். அந்த வட்டத்துக்கு வெளியே பயிலும் பிள்ளை எத்தனை கஷ்ட ஜீவனம் நடத்தும் குடும்பத்தில் பிறந்திருந்தாலும், இந்தத் திட்டத்தின் கண்ணுக்கு அவன் தென்படுவதில்லை.

தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற கலந்தாய்வுக் காலத்தில் மகளின் மதிப்பெண் பட்டியலோடு என்னைத் தேடி வந்தார். திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கும் நிலை. சென்னைக்கு அருகே உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் இடம் தயார். "சார், இங்க சேத்தா செலவு கைக்குள்ள அடங்கிரும். ஆனா, அந்தக் காலேஜுக்குத்தான் பேருங்காவ. பேங்க்லயும் அதுக்குன்னா உடனே லோன் போட்டுத் தாறோம்னு சொல்லுதாவ. கவர்மென்டே கடன் குடுக்கச் சொல்லுதுன்னா அது நல்ல காலேஜாத்தானே சார் இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கடைசி வாக்கியம் பல நாட்கள் என்னை உறங்கவிடவில்லை. சர்க்கார் கடனுக்காகப் போட்ட கோட்டை அவர் தரத்துக்கான முத்திரையாக எடுத்துக்கொண்டார். அவர்மீது குற்றமில்லை, எந்தத் தகப்பனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டோம். படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டு அவகாசத்துக்கும் சாதாரண வட்டி மட்டும் மூன்றரை லட்சம் ஆகிறது. அவருடைய வருமானம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டுவதால் முழு வட்டி மானியத்துக்கு அவர் அருகரல்லர். எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கான மூன்று சதவீத வட்டிச் சலுகைதான் அவர் எதிர்பார்க்கக்கூடியது. அச்சலுகையும் தவணை தொடங்கும் வரைக்குமே. அது கிடைத்தால் மொத்தம் 1,05,000 ரூபாய் குறையும். பிறகு பத்து ஆண்டுகள் அந்தப் பெண் மாதந்தோறும் ஏறத்தாழ 16,450 ரூபாய் கட்ட வேண்டும். சலுகையே இல்லாவிட்டால் 17,840 ரூபாய். இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளத்தைக் கையில் வாங்கும் பெண்ணுக்குச் சர்க்கார் செய்த மகத்தான உபகாரம் மாதம் சுமார் 1,390 ரூபாய். கடனை அடைத்து முடிக்கும்போது அவள் கட்டியிருக்கும் தொகை இருபது லட்சத்தை நெருங்கியிருக்கும்.

இனி, இத்தனைக்கும் அஸ்திவாரமாக நிற்கும் அந்தத் தரவரிசையின் யோக்கியதையைப் பார்ப்போம். பொறியியல் பிரிவில் நூறு மதிப்பெண்கள் எவ்வாறு பகிரப்படுகின்றன என்பதை ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பது நலம். கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் முப்பது, ஆராய்ச்சிக்கு முப்பது, பட்டம் பெற்று வெளியேறுவோரின் நிலைக்கு இருபது, எல்லோரையும் அரவணைப்பதற்குப் பத்து, பிறருடைய அபிப்பிராயத்துக்குப் பத்து. அரவணைப்புக்கான அந்தப் பத்தை மறுபடியும் நூறாக விரித்தால், அதில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கு முப்பது, பெண்களுக்கு முப்பது, மாற்றுத் திறனாளிகளுக்கான வசதிக்கு இருபது, பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியவருக்கு இருபது. ஆகவே, இளநிலை மாணவர்களில் எத்தனை பேருக்கு ஒரு கல்லூரி தன் கைப்பணத்திலிருந்து கல்விக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுக்கிறது என்ற கேள்விக்கு, மொத்தம் நூறில் கிடைப்பது இரண்டே மதிப்பெண். அதே நூறில் அந்தக் கல்லூரிக்கு வெளியில் என்ன பெயர் என்பதற்குப் பத்து. பெயருக்குப் பத்து, ஏழைக்கு இரண்டு! ஒரு ஸ்தாபனம் ஓர் ஏழைப் பிள்ளையிடமும் பைசா விட்டுக்கொடுக்காமல், தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணுக்குப் போட்டியிட்டு முன்வரிசையில் அமரலாம். அப்படி அமர்ந்ததும், ஏழைப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் வகுத்த கடன் வசதி அதன் வாசலைத் தேடி ஓடிவரும். இந்த இரண்டு மதிப்பெண்ணை நான் எத்தனை மேடைகளில் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. நமது கல்விக் கொள்கையின் இருதயம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டும் எண் வேறொன்றும் இல்லை.

இதற்கு மறுமொழியாகச் சிலர், பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பழைய மாதிரிக் கல்விக்கடன் திட்டம் இருக்கத்தானே செய்கிறது என்பார்கள். அதை நம்பிக் கிளைக்கும் வட்டார அலுவலகத்துக்கும் நடந்து, ஏழரை லட்சத்துக்கு மேலென்றால் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்ற பதிலோடு திரும்பிய தகப்பன்மாரிடம் அவர்கள் அதைச் சொல்லட்டும். வேறு சிலர், பொதுப் பணம் தரமுள்ள இடத்துக்கே செல்ல வேண்டும், இல்லாவிட்டால் தரங்கெட்ட கல்லூரிகளைப் போஷிப்பதாகும் என்று வாதிப்பார்கள். தரம் என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டு நம் நாட்டில் எத்தனை தலைமுறைகளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வாதத்துக்கு மேற்கொண்டு பதில் அவசியமென்று நான் கருதவில்லை.

கும்பகோணத்திலிருந்து வந்த கணித மேதை இராமானுஜனின் சரித்திரத்தை இந்த இடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த உதவிச் சம்பளத்தைக் கணிதமல்லாத பாடங்களில் தவறியதனால் இழந்து, சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் மாதச் சம்பளத்தில் கணக்கு எழுதப் போன மனிதர் அவர். பட்டமில்லை, பட்டம் தந்த கல்லூரியின் பெயருமில்லை. அப்படியிருந்தும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், வழக்கமாக மேற்பட்டம் பெற்றவர்களுக்கே உரிய ஆராய்ச்சி உதவிச் சம்பளத்தை, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு அவருக்கு அளித்தது. அந்நிய ஆட்சியின் கீழிருந்த ஒரு பல்கலைக்கழகம் மனிதனைப் பார்த்துப் பணம் கொடுத்தது. அவன் எந்த வாசல் வழியாக வந்தான் என்று பார்க்கவில்லை. அந்த 75 ரூபாய் கடனுமன்று, திருப்பிக் கட்ட வேண்டியதுமன்று. அன்றைக்கு வித்யாலட்சுமி திட்டம் இருந்திருந்தால், அந்தத் துறைமுகக் குமாஸ்தா அதன் எந்தப் படிவத்திலும் தம் பெயரை எழுதியிருக்க முடியாது.

நம் மாநிலம் இதில் ஓரளவு நல்ல பாதையில் நடந்திருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு 2010 முதல் அளிக்கும் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளிகளில் பயின்று 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோருக்குக் கல்வி, விடுதிச் செலவுகளைச் சர்க்காரே ஏற்கும் 2021-ஆம் ஆண்டு ஏற்பாடும் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று கேட்கின்றன. அவற்றிலும் குறைகள் உண்டு. மளிகைக் கடை நண்பரைப் போன்றவர்கள் இரண்டு சல்லடைகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார்கள். ஆனால் திசை சரியானது. டில்லியின் திட்டமோ பிள்ளை எங்கே போகிறது என்று கேட்டு, அதற்கேற்பக் கதவைத் திறக்கிறது. பெரிய பெயருள்ள தனியார் நிறுவனம் கட்டணத்தை உயர்த்த உயர்த்தக் கடனும் உயரும். கடன் உயர்வதைக் கண்டு கட்டணமும் உயரும். இந்தச் சக்கரத்தில் லாபம் பெறுபவர் கல்லூரி அதிபரும் வங்கியும் மாத்திரமே.

ஆகவே, 2030-31 வரை இந்தத் திட்டத்துக்கென ஒதுக்கிய 3,600 கோடி ரூபாயைத் தரவரிசையிலிருந்து அறுத்தெடுத்து, குடும்ப வருமானத்தை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டு, மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் திருப்பித் தர வேண்டாத உதவிச் சம்பளமாக வழங்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்கான மதிப்பெண்ணை இரண்டிலிருந்து இருபதாக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்தால் பத்தே ஆண்டுகளில் இந்நாட்டின் பெரிய கல்லூரிகள் எவை என்ற கேள்விக்கு முற்றிலும் வேறான விடை கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; தாலுகா தலைநகரில் கூரை ஒழுகும் அரசுக் கல்லூரிக்கும் அந்த வரிசையில் இடமிருக்கும்.

நண்பரின் மகள் திருநெல்வேலியிலேயே சேர்ந்தாள். அவர் இன்னும் கடையில் வருவோர் போவோரிடம், அந்த வங்கிக் கடனை வாங்கியிருக்கலாமோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.